அண்ணா வருகிறார் என்றால் எனக்கு ஏன் அழுகை வருகிறது?

வலிகாமத்துக் கிராமம் ஒன்றிலிருந்து 43 வயதுச் சகோதரி ஒருவர் ஐந்து பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். அவரை யாரும் அடையாளம் காணாதபடி சில விவரங்களை மாற்றிச் சுருக்கித் தருகிறேன்.

அவர் அரச அலுவலகம் ஒன்றில் வேலை செய்கிறார். கணவருக்குச் சொந்தத் தொழில். மகள் சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிறாள், மகன் தரம் 6. தகப்பனார் 2023 தை மாதத்தில் காலமானார். 74 வயதுத் தாய் இவர்களோடுதான் இருக்கிறார். வீடு இவருக்குச் சீதனமாக எழுதப்பட்டது. அதன் மேல்மாடியைக் கட்டியது சூரிச் பக்கம் வசிக்கும் அண்ணாவின் பணம். அங்கே பள்ளிக்கூடங்களுக்கு இலையுதிர்கால விடுமுறை விடும் ஒக்டோபரில் அண்ணாவும் மச்சாளும் பிள்ளைகள் இருவரும் வந்து இரண்டு வாரம் தங்குகிறார்கள். கடந்த மூன்று ஆண்டுகளாக இதுதான் வழக்கம்.

"அவர்களுக்கு விடுமுறை, எங்களுக்கு மூன்றாம் தவணை" என்று எழுதுகிறார் சகோதரி. வான் பிடித்து இரவோடு இரவாகக் கட்டுநாயக்கா விமான நிலையத்துக்குப் போய் அழைத்து வரவேண்டும். வந்தவர்களைப் பார்க்க வருகிறவர்களுக்குத் தேநீர், பலகாரம். பிறகு எல்லாருமாக ஒரு சுற்றுலா. 2024இல் சரஸ்வதி பூசையன்று அண்ணாவின் 15 வயது மகன் கடையில் வாங்கிய பொரித்த கோழிப் பெட்டியைக் கொண்டுவந்து, கும்பம் வைத்த சாமி அறைக்கு எதிரே சாப்பாட்டு மேசையில் திறந்து வைத்தான். சென்ற ஆண்டு அவர்கள் தங்கியிருந்த நாட்கள் முழுவதும் இவருக்கும் தாய்க்கும் கேதாரகௌரி விரதம். ஓர் அடுப்பில் மரக்கறி, மற்றதில் நண்டு. தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பே அவர்கள் விமானம் ஏறிவிட்டதால் தாய் புதுச் சேலையைப் பிரிக்கவே இல்லையாம்.

இந்த ஆண்டு மச்சாளின் தங்கை குடும்பமும் சேர்ந்து வருகிறது, ஆக எட்டுப் பேர். திருகோணமலை, நுவரெலியா, கதிர்காமம் என்று ஐந்து நாள் பயணத்துக்கும் திட்டம். அண்ணா குடும்ப வட்ஸ்அப் குழுவில் "டிக்கெட் பார்க்கிறேன்" என்று எழுதிய நாளிலிருந்து இவருக்கு நித்திரை இல்லை. கேட்பவை மூன்று: வீடு என் பெயரில் இருப்பதால் வரவேண்டாம் என்று சொல்ல எனக்கு உரிமை உண்டா? சொன்னால் அம்மா தாங்குவாரா? அல்லது அந்த இரண்டு வாரமும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வடமராட்சியில் உள்ள மாமி வீட்டுக்குப் போய்விடட்டுமா?

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இரண்டாம் முறை கையில் பேனாவோடு உட்கார்ந்து, இந்தச் சங்கடத்தை நீங்கள் இதுவரை யார் யாரிடம் சொல்லியிருக்கிறீர்கள் என்று ஓரத்தில் குறித்துக்கொண்டு போனேன். கணவரிடம் சொல்லியிருக்கிறீர்கள். அலுவலகத்தில் பக்கத்து மேசைத் தோழியிடம் சொல்லியிருக்கிறீர்கள். மகளிடம் சொல்ல, அவள் "மாமாவிடமே சொல்லுங்களேன் அம்மா" என்றிருக்கிறாள். தாயிடம் பாதி சொல்லி மீதியை விழுங்கியிருக்கிறீர்கள். இப்போது என்னிடம். அண்ணாவிடம் சொன்னதாக ஐந்து பக்கத்திலும் ஒரு வரி இல்லை. அவர் டிக்கெட் பார்ப்பதாக எழுதியதற்கு நீங்கள் போட்ட பதில், கைகூப்பும் படம் ஒன்று. அதைப் பார்த்து அவர் என்ன விளங்கிக்கொண்டிருப்பார் என்று நினைக்கிறீர்கள்? தங்கச்சி சந்தோசமாக வரவேற்கிறாள் என்றுதான்.

வரவேண்டாம் என்று சொல்லும் உரிமையைப் பற்றிக் கேட்கிறீர்கள். எனக்கு முதலில் தோன்றியது, நீங்கள் இன்னும் "வாருங்கள், ஆனால் இப்படி" என்றே சொல்லிப் பார்க்கவில்லையே என்பதுதான்.

உறுதிப் பத்திரத்தை எடுத்து ஒருமுறை வாசியுங்கள்

சட்டத்தைப் பற்றி நேராகக் கேட்டதால் தெரிந்த அளவுக்குச் சொல்கிறேன். நான் உளவளத்துணையாளர், சட்டத்தரணி அல்ல. யாழ்ப்பாணத் தமிழருக்குத் தேசவழமை என்னும் வழக்காற்றுச் சட்டம் பொருந்தும். கணவன் மனைவி சொத்துரிமையையும் வழியுரிமையையும் 1911ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் ஒழுங்குபடுத்துகிறது. சீதனமாக உங்களுக்கு எழுதிய வீடு உங்கள் தனிச் சொத்து, அண்ணாவுக்கு அதில் பங்கில்லை. (அதை விற்பதற்குக் கணவரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என்பது வேறு கதை. அந்தப் பிரிவைப் படித்து எரிச்சல்படும் பெண்களில் நானும் ஒருத்தி.)

ஆனால் நம் பெற்றோர் சீதன உறுதி எழுதும்போது, தாங்கள் உயிரோடிருக்கும் வரை அந்த வீட்டில் இருக்கவும் அனுபவிக்கவும் தங்களுக்கு உரித்து உண்டு என்று ஒரு வரி சேர்த்து எழுதுவது வழக்கம். உங்கள் உறுதியிலும் அந்தச் சீவிய உரித்து இருந்தால், தாய் உங்கள் வீட்டில் ஒதுங்கியிருக்கிற ஒருவர் அல்ல. தன் மகனைத் தன் வீட்டுக்கு அழைப்பவர். "என் வீடு" என்று நீங்கள் தொடங்கும் பேச்சு அந்த இடத்தில் அவரைத்தான் குத்தும். அலுமாரியில் இருக்கும் உறுதியை ஒருமுறை எடுத்து வாசியுங்கள். விளங்காவிட்டால் நொத்தாரிசிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

மேல்மாடியைப் பற்றி உங்களுக்கு உள்ளூர ஒரு பயம் இருப்பது தெரிகிறது. பணம் போட்டதால் மட்டும் அந்தத் தளம் அண்ணாவுக்குச் சொந்தமாகாது, கட்டடம் காணியோடு சேர்ந்ததுதான். செலவழித்த தொகையைப் பற்றி அவர் ஏதும் கேட்க முடியுமா என்பது அப்போது என்ன பேசி என்ன எழுதினீர்கள் என்பதைப் பொறுத்தது. அதற்குச் சட்டத்தரணி வேண்டும். ஆனால் அண்ணா அப்படி எதையும் கேட்டதாக உங்கள் கடிதத்தில் இல்லை. கேட்காத கேள்விக்கு நீங்கள் மூன்று ஆண்டாக மனதுக்குள் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள்.

ஒக்டோபரில் ஏன் வருகிறார்?

"வேண்டுமென்றே எங்களுக்கு வேலை கூடிய மாதத்தைப் பார்த்து வருகிறார், ஊருக்குப் பகட்டுக் காட்ட வருகிறார்" என்று மூன்றாம் பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள். இதில் இரண்டு பிழை இருக்கிறது. மெல்லத்தான் சொல்கிறேன்.

முதலாவது, மாதத்தை அவர் தேர்ந்தெடுக்கவில்லை. சூரிச் மாநிலத்துப் பள்ளிகளில் காரணம் சொல்லாமல் பிள்ளையை வீட்டில் மறிக்க ஒரு பள்ளி ஆண்டுக்கு இரண்டே நாள்தான் உண்டு. அனுமதியில்லாமல் அதற்கு மேல் மறித்தால் பெற்றோர் அபராதம் கட்ட நேரலாம். கோடை விடுமுறை ஐந்து வாரம் இருக்கிறதே என்பீர்கள். கோடையில் டிக்கெட் விலை ஏறிவிடும் என்பதும், உணவகத்தில் வேலை செய்யும் அண்ணாவுக்கு அப்போது விடுப்புக் கொடுக்க மாட்டார்கள் என்பதும் உங்கள் கடிதத்திலேயே இருக்கின்றன. எழுதிய கைக்கு அது காரணமாகத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

அவருடைய விடுமுறை சூரியக் கணக்கில் அசையாமல் நிற்கிறது. நம் நவராத்திரியும் தீபாவளியும் சந்திரனைப் பார்த்து நடப்பவை. பன்னிரண்டு சந்திர மாதம் ஏறத்தாழ 354 நாள், ஆகவே விழாக்கள் ஆண்டுதோறும் பதினொரு நாள் அளவில் முன்னுக்கு வரும். இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை ஒரு மிகை மாதம் சேர்ந்து அவற்றைப் பின்னுக்குத் தள்ளும். 2024இல் விஜயதசமி ஒக்டோபர் 12, அதனால்தான் கோழிப் பெட்டியும் சரஸ்வதி பூசையும் ஒரே மேசையில் சந்தித்தன. 2025இல் விஜயதசமி ஒக்டோபர் 2, தீபாவளி 20. இரண்டுக்கும் நடுவில் வந்து இரண்டையும் தவறவிட்டுப் போனார்கள். அந்த 20ஆம் திகதி ஒரு திங்கட்கிழமை. பள்ளி விதி இடம் கொடுத்திருந்தால் அந்த இரண்டு நாள் சலுகையை அப்போது எடுத்திருக்கலாம், தாயின் சேலையும் பிரிந்திருக்கும். யாருக்கும் தோன்றவில்லை, ஏனென்றால் இந்தக் கலண்டரையும் அந்தக் கலண்டரையும் யாரும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை.

இந்த ஆண்டு, 2026இல், மே மாத நடுவில் தொடங்கி ஒரு மிகை மாதம் வந்ததால் எல்லாம் பின்னுக்குப் போயிருக்கிறது. நவராத்திரி தொடங்குவது ஒக்டோபர் 11, தீபாவளி நவம்பர் 8. அண்ணா 3ஆம் திகதி வந்து 17ஆம் திகதி புறப்படும் எண்ணத்தில் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். கேதாரகௌரி விரதத்தின் 21 நாளும் அவர்கள் போன பிறகுதான் தொடங்கும். ஆகவே இந்த முறை இரண்டு அடுப்புப் பிரச்சினை பாதிதான்.

இரண்டாவது பிழை இதைவிடப் பெரியது. தகப்பனார் இருந்தவரை அண்ணா மூன்று நான்கு ஆண்டுக்கு ஒருமுறைதான் வந்துபோனார் என்கிறீர்கள். செத்தவீட்டுக்கு வந்து சேர முடியவில்லை, கீரிமலையில் அந்தியேட்டிக் கிரியைக்குத்தான் வந்தார் என்று ஒரு வரியில் சொல்லிக் கடந்துவிடுகிறீர்கள். அதே ஆண்டு ஒக்டோபரில் தொடங்கியதுதான் இந்த ஆண்டுதோறும் வருகை. பகட்டுக் காட்ட வருகிறவர் தகப்பன் போன ஆண்டிலிருந்து மட்டும் ஏன் வரவேண்டும்?

இன்னொன்றைக் கவனித்தீர்களா? 2024இல் மாளய அமாவாசை ஒக்டோபர் 2. 2025இல் செப்டெம்பர் 21. இரண்டு ஆண்டும் தகப்பனாருக்கு மாளயம் கொடுத்து முடிந்த பின்தான் மூத்த மகன் வந்து இறங்கியிருக்கிறார். இந்த ஆண்டு மாளய அமாவாசை ஒக்டோபர் 10, சனிக்கிழமை. அண்ணா வீட்டில் இருக்கப் போகிறார். உங்கள் தாய் இதை ஏற்கெனவே பஞ்சாங்கத்தில் பார்த்து வைத்திருப்பார் என்று நான் பந்தயம் கட்டுவேன்.

அவருடைய காரணம் தெரிந்ததால் உங்கள் இடுப்பு வலி குறையப் போவதில்லை. அதையும் ஒத்துக்கொள்கிறேன். நான் இதைச் சொல்வது, நீங்கள் பேசப்போகும் ஆள் யார் என்று தெரிந்து பேசவேண்டும் என்பதற்காக.

அந்தக் கோழிப் பெட்டி

கடிதத்தில் நீங்கள் மிகவும் கோபத்தோடு எழுதியிருக்கும் இடம் இது. புத்தகங்கள் எல்லாம் பூசையில், நெய் விளக்கு எரிகிறது, அவல் கடலை வாழையிலையில் இருக்கிறது. உங்கள் மருமகன் வெளியே போய்த் திரும்பி, பெட்டியை மேசையில் வைத்துத் திறந்து, முதல் துண்டை உங்கள் மகனிடம் நீட்டினான். உங்கள் தாய் "சிவ சிவா" என்று எழுந்து போய்விட்டார். மச்சாள் "பிள்ளைதானே" என்றார். அண்ணா கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார். நீங்கள் பெட்டியைத் தூக்கிக் கிணற்றடிக்குக் கொண்டுபோனீர்கள். பையன் மேலே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு இரவு சாப்பிட வரவில்லை.

முதல் துண்டை மச்சானுக்கு நீட்டினான் என்பதை நீங்கள் குற்றமாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அது வேறு மாதிரித் தெரிகிறது. கைச்செலவுக் காசில், எல்லாருக்கும் போதுமான பெட்டியாகப் பார்த்து வாங்கி வந்து, தான் கடிக்கும் முன் மற்றவனுக்குக் கொடுத்த பிள்ளை அவன். வீட்டில் எல்லாரும் ஏதோ கொண்டாடுகிறார்கள், தானும் எதையாவது கொண்டுவருவோம் என்று நினைத்திருக்கலாம். அன்று என்ன நாள், ஏன் கவிச்சி கூடாது என்று அவனிடம் முதல் நாள் யார் சொன்னது? யாரும் இல்லை. "தெரிந்திருக்க வேண்டாமா?" என்று கேட்கிறீர்கள். உங்கள் மகனுக்கு எப்படித் தெரியும்? பிறந்ததிலிருந்து பார்த்ததால் தெரியும். மற்றவன் பார்த்தது அதுதான் முதல் தடவை. பார்த்ததில் அவனுக்கு மிஞ்சியது, மாமி தன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனதுதான்.

அவனுக்கு இப்போது 17 வயது. இந்த ஆண்டு கும்பத்தடியில் மண் பரப்பி நவதானியம் போடும் வேலையை அவனிடமும் உங்கள் மகனிடமும் கொடுங்கள். தண்ணீர் தெளிப்பதும் அவர்கள் பொறுப்பு. 11ஆம் திகதி போட்டால் 17ஆம் திகதி அவன் புறப்படும்போது முளை விரல் உயரம் வந்திருக்கும். தமிழ் குறைவாகத்தான் விளங்கும் என்றால் என்ன, பயறுக்கும் எள்ளுக்கும் மொழி வேண்டியதில்லை. கோழிப் பெட்டியைப் பற்றி அவனிடம் ஒரு வார்த்தை பேசுங்கள். மன்னிப்புக் கேட்கச் சொல்லவில்லை. "அன்றைக்கு உனக்கு யாரும் சொல்லாதது எங்கள் பிழை" என்றால் போதும்.

எதை விடலாம், எதை விடக்கூடாது

இனி உங்கள் பாரத்துக்கு வருகிறேன். நீங்கள் செய்கிற வேலை ஒரு காலத்தில் மாமி, சின்னம்மா, ஒன்றுவிட்ட அக்காமார் என்று பத்துப் பேர் கூடிச் செய்த வேலை. அவர்களில் பாதிப்பேர் இன்று கனடாவிலும் இலண்டனிலும் இருக்கிறார்கள். வழக்கம் மட்டும் அதே அளவில் நிற்கிறது, தோள் ஒன்றாகிவிட்டது. இது உங்கள் கெட்டித்தனக் குறைவு அல்ல. வெட்கப்பட எதுவும் இல்லை.

கட்டுநாயக்காவுக்குப் போய் அழைத்து வருவதை இந்த ஆண்டே விடலாம். ஓமந்தைச் சோதனைச்சாவடியில் இறங்கிப் பையைத் திறந்து காட்டி, அடையாள அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு நின்ற காலத்தில், உள்ளூர் ஆள் ஒருவர் கூட வருவது தேவையாக இருந்தது. இன்று 350 கிலோமீற்றருக்கு மேல் போய், விழித்திருந்து, அடுத்த நாள் அலுவலகத்துக்கு ஓடுவதில் யாருக்கு என்ன இலாபம்? நம்பிக்கையான வான்காரர் ஒருவரை ஏற்பாடு செய்து கொடுங்கள். தாய் வாசலில் நின்று ஆரத்தி எடுக்கட்டும். பிள்ளைகளின் நினைவில் நிற்கப் போவது அதுதான்.

ஐந்து நாள் பயணத்துக்கு அவர்கள் போகட்டும், நீங்கள் போகவேண்டாம். யாழ்ப்பாணத்திலிருந்து கதிர்காமம் என்றால் தீவின் ஒரு முனையிலிருந்து மறுமுனை. மகளுக்குப் பரீட்சை, தாய்க்கு முழங்கால் வலி. ஒக்டோபரில் பிற்பகல் இடிமழை வழக்கம், மலைநாட்டில் மண்சரிவு அபாயமும் உண்டு. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலில் அந்தப் பாதைகள் பட்ட பாட்டை மறந்திருக்க மாட்டீர்கள். அண்ணா வானிலை அறிவிப்பைப் பார்த்துத்தான் புறப்படவேண்டும். அதற்குப் பதிலாக எல்லாருமாக ஒரு நாள், ஒரே ஒரு நாள், அருகில் எங்காவது போங்கள். நயினாதீவு என்று எழுதியிருக்கிறீர்கள். குறிகட்டுவானில் படகில் ஏறி இறங்குவது தாயின் முழங்காலுக்குச் சோதனை. கீரிமலையும் மாவிட்டபுரமும் என்றால் வானில் போய் வானிலேயே திரும்பலாம். தகப்பனாரின் அந்தியேட்டி நடந்த இடம் என்பதால் அண்ணாவுக்கும் அங்கே ஒரு காரியம் இருக்கும்.

சமையலில் நீங்கள் விட்டுக்கொடுக்காதது விரதம்தான், சமையல் அல்ல. 11ஆம் திகதி கும்பம் வைத்த பிறகு வீட்டுக்குள் மரக்கறி மட்டும் என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு, அதைக் குழைந்து சொல்லத் தேவையில்லை. அதற்கு முந்திய வாரத்தில் புரட்டாதிச் சனியையும் மாளய நாளையும் விட்டால் மீனுக்கும் நண்டுக்கும் தடையில்லை. மச்சாளின் கைப்பக்குவம் நல்லது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பிறகு ஏன் அவரைக் குசினிக்குள் விடுவதில்லை? "வந்தவரிடம் வேலை வாங்கினால் ஊர் என்ன சொல்லும்" என்பது உங்கள் பதில். இரண்டு வாரம் தங்குகிறவர் விருந்தாளி அல்ல, வீட்டு ஆள். காலைக்கு இடியப்பமும் பிட்டும் ஊரில் செய்து விற்கும் அக்காவிடம் சொல்லி வையுங்கள்.

மச்சாளின் தாய்வீடு மல்லாகத்தில் இருந்தும் அங்கே அவர் இரண்டே நாள்தான் தங்குகிறார் என்று குறைபோல எழுதியிருக்கிறீர்கள். அவரிடம் கேட்டுப் பாருங்கள். கணவன் வீட்டில் முறைப்படி நிற்கவேண்டும் என்று அவரும் பல்லைக் கடித்துக்கொண்டிருக்கக்கூடும். தங்கை குடும்பத்தை உங்கள் வீட்டுக்கு அழைத்து வருவதற்குக் காரணமே அதுவாக இருக்கலாம். அவர்கள் நால்வரும் தாய்வீட்டில் ஒரு வாரம் இருந்தால் உங்களுக்கும் மூச்சு வரும்.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாக. "எவ்வளவு வேண்டும்?" என்று அண்ணா கேட்கிறார், நீங்கள் "ஐயோ, வேண்டாம் அண்ணா" என்கிறீர்கள். மேல்மாடிக் குளிர்சாதனம் இரண்டு வாரம் ஓடிய மின்பட்டியல் அவர்கள் போன பிறகு வருகிறது. அலகு கூடக்கூடக் கட்டண வீதமும் ஏறும். அதை உங்கள் சம்பளத்தில் கட்டிவிட்டு ஓர் ஆண்டு மனதில் வைத்திருக்கிறீர்கள். அடுத்த முறை கேட்டால் ஒரு தொகையைச் சொல்லுங்கள். சென்ற ஆண்டுப் பட்டியல் கையில் இருந்தால் இன்னும் நல்லது.

மாமி வீட்டுக்குப் போய்விடுவதை நான் ஆதரிக்கவில்லை. பேசாமல் போனால் ஊர் அதைச் சண்டை என்றே வாசிக்கும், தாய் இரண்டு பக்கத்துக்கும் நடுவில் தனியே அடுப்படியில் நிற்பார். மகள் மட்டும் படிப்புக்காகப் பயண நாட்களில் அங்கே போய் இருப்பது வேறு. ரியூசனுக்குப் போக வசதி இருந்தால் அதைச் செய்யுங்கள்.

நித்திரையின்மை இன்றைக்கு நேற்றுத் தொடங்கியதா, தகப்பனார் போனதிலிருந்தா என்பது கடிதத்தில் தெளிவாக இல்லை. அண்ணாவோடு பேசிய பிறகும் அது தொடர்ந்தால், அல்லது எதிலும் மனம் ஒட்டாமல் போனால், அதைத் தனியாகப் பார்க்கவேண்டும். வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குப் போகலாம், 1926 என்ற தேசிய உளநல உதவி இலக்கத்துக்கும் அழைக்கலாம். தகப்பனுக்காக அண்ணா ஆண்டுதோறும் பறந்து வருகிறார். நீங்கள் அழுவதற்கு எப்போது நேரம் எடுத்தீர்கள்?

அண்ணாவுக்கு என்ன எழுதுவது?

குழுவில் எழுதவேண்டாம், தனியாக எழுதுங்கள். அவர் டிக்கெட் எடுக்கும் முன், இந்த வாரமே. எடுத்த பிறகு சொன்னால் அவர் காதில் அது "வராதே" என்றுதான் விழும். இப்படி எழுதலாம், உங்கள் வாய்ப்பேச்சுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்:

"அண்ணா, நீங்கள் வருவது எனக்குச் சந்தோசம். 10ஆம் திகதி அப்பாவுக்கு மாளயம், இந்த முறை நீங்கள் நின்று செய்யவேண்டும். டிக்கெட் எடுக்கும் முன் சில விசயம் சொல்ல வேண்டும். மகளுக்குப் பரீட்சை, நானும் லீவு எடுக்க முடியாது. கட்டுநாயக்காவுக்கு நாங்கள் வரவில்லை, வான் ஒழுங்கு செய்கிறேன். 11ஆம் திகதி கும்பம் வைக்கிறோம், அன்று முதல் வீட்டில் மரக்கறி மட்டும். பிள்ளைகளுக்கு இப்போதே சொல்லி வையுங்கள். எட்டுப் பேருக்கு இங்கே இடமும் என் கையும் போதாது. மச்சாளின் தங்கை குடும்பம் மல்லாகத்தில் தங்குவது பற்றி மச்சாளோடு நான் பேசுகிறேன். பயணத்துக்கு நாங்கள் வரவில்லை. கீரிமலைக்கு எல்லாருமாகப் போவோம். சனிக்கிழமை அழையுங்கள்."

அவருக்கு முதலில் கோபம் வரலாம். இரண்டு நாள் பதில் வராமலும் இருக்கலாம். அந்த இரண்டு நாளில் "பரவாயில்லை அண்ணா, உங்கள் விருப்பம்போல் செய்யுங்கள்" என்று இன்னொரு செய்தி அனுப்பாமல் இருப்பதுதான் உங்களுக்குக் கடினமான வேலை. கைபேசியை மகளிடம் கொடுத்து வையுங்கள்.

தாயிடம் மறைக்கவேண்டாம். அனுப்பும் முன் அவரை உட்காரவைத்து இதை வாசித்துக் காட்டுங்கள். ஏதாவது சொல்லை மாற்றச் சொன்னால் மாற்றுங்கள், அவருக்கு மகனைப் பற்றித் தெரியும். முழு வரியையே எடுக்கச் சொன்னால் எடுக்காதீர்கள்.